அம்மாவின் கை அன்றைக்கு விழவில்லை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்காவது பாரிசவாதம் வந்தால், "கை கால் விழுந்துருச்சி" என்றுதான் சொல்வார்கள். பக்கவாதம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் சொல்வோம். ஆஸ்பத்திரியில் 'ஸ்ட்ரோக்' என்பார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு அது எப்போதும் விழுவதுதான். நேற்றுவரை நின்ற மரம் இன்றைக்கு விழுந்த மாதிரி.

அம்மாவுக்கு விழுந்தது 2020ஆம் ஆண்டு, தைப்பொங்கல் கழிந்த வாரத்தில். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் அந்த மாதத்துக் குளிர் எப்படி இருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். விடிய ஐந்தே முக்கால் இருக்கும். காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பிரட்டுக்குப் போவதற்கு முன்னால், ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறார். நிறைந்த வாளியைத் தூக்கியதும் வலது கையிலிருந்து அது நழுவிவிட்டது. பக்கத்துக் காம்பரா அத்தை கை விறைத்துப் போனதாக நினைத்து, "என்னா அண்ணி, குளிரா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா ஏதோ பதில் சொன்னார், ஆனால் வாய் குழறியது. அத்தை அதைத் தூக்கக் கலக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் கெட்ட எண்ணம் கொண்டவர் ஒருவர்கூட இல்லை. இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார வைத்தார்கள். இஞ்சி போட்ட தேத்தண்ணி கொடுத்தார்கள். அது புரையேறி அம்மா இருமித் தள்ளினார். திருநீறு போட்டார்கள். மண்டைக்கு எண்ணெய் வைத்துத் தேய்த்தார்கள். யாரோ புறா ரத்தம் தடவினால் சரியாகிவிடும் என்று சொல்ல, தம்பி ஒருவன் மேட்டு லயத்துக்குப் புறா தேடி ஓடினான். ஹட்டனில் நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த எனக்குப் போன் வந்தபோது மணி ஏழு. வாகனம் கிடைத்தது எட்டேகாலுக்கு. முதல் ஆஸ்பத்திரி, அங்கிருந்து இன்னொரு ஆஸ்பத்திரி. தலையை ஸ்கேன் செய்தபோது பதினொன்றரை தாண்டிவிட்டது.

அங்கே ஒரு இளம் டாக்டர் என்னிடம் முதலில் கேட்டது அம்மாவின் வயதை அல்ல. "இவங்க கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க?" என்பதுதான். இரண்டு முறை கேட்டார். ஏன் இதையே திருப்பித் திருப்பிக் கேட்கிறார் என்று அப்போது எரிச்சலாகக்கூட இருந்தது. பிறகுதான் விளங்கியது. பாரிசவாதத்தில் பெரும்பாலானவை மூளைக்குப் போகிற குழாயில் ரத்தக் கட்டி அடைத்து வருபவை. மற்றவை குழாய் வெடித்து ரத்தம் கசிவதால் வருபவை. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும், ஸ்கேன் எடுத்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். அடைப்பு என்றால் அந்தக் கட்டியைக் கரைக்க ஊசி மருந்து உண்டு. ஆனால் அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அடைபட்ட பக்கத்தில் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் செத்துக்கொண்டிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எங்கள் நாலரை மணித்தியாலம் பத்தேகாலோடு முடிந்துவிட்டது.

அம்மாவுக்கு வயது 52. இடது மூளையில் அடைப்பு. வலது கையும் காலும், கொஞ்சம் பேச்சும் போனது. முப்பது வருஷம் கொழுந்து கிள்ளிய கை அது.

அந்த நாலரை மணித்தியாலத்தைப் பற்றி எனக்கு இன்னும் துக்கம் உண்டு. ஆனால் இந்தக் கட்டுரையை நான் எழுதுவது அதற்காக அல்ல. அம்மாவை வார்டில் விட்டுவிட்டு அன்று இரவு வீட்டுக்கு வந்து, துணி எடுக்க ட்ரங்குப் பெட்டியைத் திறந்தபோது அடியில் ஒரு கிளினிக் கொப்பி கிடந்தது. பிரஷர் கிளினிக். அம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது என்றே வீட்டில் எங்களுக்குத் தெரியாது. முதல் பக்கத்தில் 2015. அளவு 160க்கு 100. பிறகு சில மாதங்கள் ஒழுங்காகப் போயிருக்கிறார். 150, 146, 140 என்று இறங்கியிருக்கிறது. பிறகு இடைவெளி. கொழுந்து நிறைய வருகிற மாதங்களில் எல்லாம் வெற்றுப் பக்கம். கடைசிப் பதிவு பாரிசவாதத்துக்கு எட்டு மாதத்துக்கு முன்: 178க்கு 104. அந்த இலக்கத்தைச் சுற்றி யாரோ சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள்.

அந்தக் கொப்பியைப் பார்த்த பிறகு 'விழுந்துருச்சி' என்ற சொல்லை என்னால் முன்பு போல் சொல்ல முடியவில்லை. அம்மாவின் கை அன்று காலை விழவில்லை. அது ஐந்து வருஷமாக, அதற்கு முன் அளக்காத எத்தனையோ வருஷமாக, விழுந்துகொண்டே இருந்திருக்கிறது.

மலையில் மண்சரிவு பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். மண்மேடு சரிவதற்கு முன்னால் சுவரில் வெடிப்பு விழும், மரம் சாயும், ஊற்றுத் தண்ணீர் கலங்கும். பெரியவர்கள் அதைப் பார்த்துப் பிள்ளைகளை அப்புறப்படுத்துவார்கள். பிரஷருக்கு அந்த வெடிப்பு இல்லை. தலையிடி வரும், தலை சுற்றும், கோபம் வரும், அப்போது தெரியும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அம்மாவும் நம்பினார். "எனக்குத் தலையிடி ஒன்னும் இல்லையே பாப்பா, அதான் குளிசைய நிப்பாட்டுனேன்" என்று பேச்சு ஓரளவு திரும்பிய பிறகு சொன்னார். ஆனால் 180 இருக்கிறவரும் ஒன்றுமே உணராமல் மலையேறிக் கொழுந்து கிள்ளலாம். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மெஷினை மாட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியே இல்லை.

அதன் பிறகு நான் இதைப் பற்றி நிறையப் படித்தேன். 'இன்டர்ஸ்ட்ரோக்' என்று ஓர் ஆய்வு, 32 நாடுகளில் நடந்தது, 2016இல் அதன் முழு முடிவும் வந்தது. பாரிசவாதத்தின் ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்கு, மாற்றக்கூடிய பத்துக் காரணங்களுக்குள் அடங்கிவிடுகிறது என்று அது காட்டியது. பிரஷர், புகை, சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, கொழுப்பு, தொப்பை, சாப்பாடு, உடலசைவு, குடி, மனஅழுத்தம், இருதய நோய். பத்திலும் பெரியது பிரஷர். நம் நாட்டிலும் அதே கதைதான். கொழும்பு மாவட்டத்தில் நடத்தி 2015இல் வெளியான ஆய்வு, வளர்ந்தவர்களில் ஆயிரத்துக்குப் பத்துப் பேர் அளவில் பாரிசவாதம் வந்தவர்கள் என்று கண்டது. அங்கும் அவர்களிடம் அதிகம் காணப்பட்ட காரணம் பிரஷர்தான்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் லயத்தை நினைத்துப் பார்த்தேன். வசதியுள்ளவர்களின் நோய் என்றுதான் பிரஷரையும் சீனியையும் பற்றி ஊரில் பேசுவார்கள். உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு வருவது, எங்களைப் போல் மலையேறி இறங்குகிறவர்களுக்கு எப்படி வரும் என்பார்கள். அம்மாவுக்குத் தொப்பை இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை மைல் நடந்தாரோ தெரியாது. குடி இல்லை. ஆனால் உப்பு இருந்தது.

காலையில் கோதுமை மா ரொட்டி, கட்டச் சம்பல். ரொட்டி மாவில் உப்பு, சம்பலில் உப்பு. மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் அதே ரொட்டிதான். இரவுக்குச் சோறு, ஒரு கறி, கருவாடு அல்லது நெத்தலி. கறி வாங்க முடியாத நாளில் சோற்றை இறக்குவதே அந்தக் கருவாட்டின் உப்பும் சம்பலின் உறைப்பும்தான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள், அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டி. அம்மா வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வாரம் எங்கள் உப்புப் போத்தலை நிறுத்துப் பார்த்தேன். கருவாட்டைச் சேர்க்காமலே அந்த அளவைத் தாண்டியது. வறுமை இருக்கிற வீட்டில் உப்புதான் கறி. இதைச் சொல்லாமல் 'உப்பைக் குறையுங்கள்' என்று மட்டும் சுவரொட்டி ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

என்றாலும் குறைக்க முடிந்தது. கருவாட்டைச் சுடுதண்ணீரில் இரண்டு தரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கிறோம். சம்பலில் தேசிக்காய்ப் புளியைக் கூட்டி உப்பைப் பாதியாக்கினோம். ரொட்டி மாவில் தேங்காய்ப்பூவைக் கொஞ்சம் அதிகம் போட்டால் உப்புக் குறைந்தது அவ்வளவாகத் தெரிவதில்லை. முதல் மூன்று வாரம் அப்பா தட்டைத் தள்ளித் தள்ளி வைத்தார். பிறகு நாக்குப் பழகிவிட்டது. இப்போது வெளியில் சாப்பிட்டால் அவருக்கே உப்புக் கரிக்கிறது. பிஸ்கட், நூடுல்ஸ் மாதிரியான பக்கட் சாமானில் சீனிக்கும் உப்புக்கும் கொழுப்புக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் போடும் விதியை 2019இல் நம் நாட்டில் கொண்டுவந்தார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் அந்த நிறம் விளங்கும். என் வகுப்புப் பிள்ளைகளிடம் கடைப் பக்கட்டுகளைக் கொண்டுவரச் சொல்லி, அதை ஒரு பாடமாகவே எடுத்தேன்.

அடுத்தது வெற்றிலை. அம்மாவின் இடுப்பு மடியில் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் போயிலையும் எப்போதும் இருக்கும். அட்டைக்கடிக்கும் குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை. பீடி சிகரெட் குடிக்காததால் தனக்குப் 'புகை' இல்லை என்று அம்மா நினைத்தார். மென்றாலும் அது புகையிலைதான். வாய்ப்புற்றுநோயோடு நிற்பதில்லை, பாரிசவாதத்தால் சாகும் ஆபத்தையும் அது கூட்டுகிறது. கிளினிக்கில் "புகைப்பீங்களா?" என்று கேட்டால் எங்கள் பெண்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். "போயிலை போடுவீங்களா?" என்று கேட்டால்தான் உண்மை வரும்.

குளிரும் ஒரு காரணம். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். அதோடு, எல்லோருக்குமே விடிந்து எழும்புகிற நேரத்தில் பிரஷர் இயல்பாகவே கூடும். பாரிசவாதமும் காலை நேரத்தில்தான் அதிகம். நாலு மணிக்கு எழும்பி, வெறுங்காலோடு பீலிக்குப் போய், பனி விழுந்த தண்ணீரைத் தூக்குகிற ஒரு பெண்ணின் பிரஷர் முந்தின நாள் இரவு குளிசை போடாத நிலையில் எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் வருவதும் பாரிசவாதத் தடுப்புதான் என்று யாரிடமாவது சொன்னால் விசித்திரமாகப் பார்ப்பார்கள். எனக்கு அது விசித்திரமாகத் தெரியவில்லை.

நாட்டில் நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் நகரத்தையும் கிராமத்தையும்விடத் தோட்டத்தில்தான் அதிகம். அப்படிப் பிறக்கிற பிள்ளைக்குப் பெரியவரானதும் பிரஷரும் இருதய நோயும் வரும் வாய்ப்புக் கூடுதல் என்பது மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லிவருவது. அப்படிப் பார்த்தால் இது அம்மாவோடும் தொடங்கவில்லை. அம்மாவைச் சுமந்தபடி கூடையையும் சுமந்த அம்மாயியிடம் தொடங்கியது. ஒற்றைக் காம்பராவில் ஏழெட்டுப் பேர் நெருக்கிப் படுக்கிற வீட்டில் தொண்டை நோவு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும். அதைக் கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு மூட்டுக் காய்ச்சலாகி இருதய வால்வைக் கெடுக்கும். பிறகு முப்பது வயதில் இருதயத்திலிருந்து கட்டி கிளம்பி மூளையை அடைக்கும். மூட்டு வீங்கிக் காய்ச்சலோடு வருகிற பிள்ளையை 'வளர்கிற நோவு' என்று விடாதீர்கள். மூட்டுக் காய்ச்சல் என்று டாக்டர் சொன்னால், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடுகிற பெனிசிலின் ஊசியை ஒரு தடவைகூடத் தவறவிடாதீர்கள்.

இனி கிளினிக். அம்மா ஏன் போகவில்லை என்று நான் கோபப்பட்டேன். பிறகு ஒரு தடவை அம்மாவை நானே கூட்டிக்கொண்டு போனேன். விடிய ஐந்து மணிக்கு வரிசை. நம்பர் எடுத்து, இருந்து, பார்த்து, மருந்துக்கு இன்னொரு வரிசையில் நின்று, பஸ் பிடித்து லயத்துக்கு வந்தபோது பின்னேரம் மூன்று மணி. ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விட்டது. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அம்மா கிளினிக் போன காலத்தில் அதற்கும் எவ்வளவோ குறைவு. மருந்து இலவசம்தான், அதற்காக இந்த நாட்டை நான் என்றைக்கும் நன்றியோடு நினைப்பேன். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்கி, மலிவான மருந்து ஏழைக்குக் கிடைக்க வழி செய்த பேராசிரியர் சேனக பிபிலேயின் படம் எங்கள் வகுப்பறைச் சுவரில் இருக்கிறது. ஆனால் இலவச மருந்துக்கு அம்மா கொடுத்த விலை மாதத்தில் ஒரு நாள் பேர். கொழுந்து நிறைகிற மாதத்தில் அந்த விலையைக் கொடுக்க அவரால் முடியவில்லை. கொப்பியில் இருந்த வெற்றுப் பக்கங்களுக்கு அர்த்தம் அதுதான்.

இன்னொன்றும் அன்று பார்த்தேன். அம்மாவின் குளிசை உறையில் எழுதியிருந்தது அவருக்குத் தெரியாத மொழியில். விளக்கிச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. வாழ்நாள் முழுக்கப் போட வேண்டிய குளிசை என்று யாரும் தமிழில் சொல்லாததால், காய்ச்சல் மருந்து மாதிரி இறங்கியதும் நிறுத்திவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் 'அது கிட்னியைப் பழுதாக்கும்' என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். உண்மையில் கிட்னியைப் பழுதாக்குவது அடங்காத பிரஷர்தான்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது என்பதும் நம் நாட்டிலேயே காட்டப்பட்டிருக்கிறது. இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் மூன்றிலும் முப்பது கிராமப்புறச் சமூகங்களில் ஓர் ஆய்வு செய்தார்கள். சுகாதார ஊழியர்கள் வீட்டுக்கே போய்ப் பிரஷர் அளந்து, சாப்பாட்டையும் குளிசையையும் பற்றிப் பேசி, தேவைப்பட்டவர்களை டாக்டரிடம் அனுப்பினார்கள். இரண்டு வருஷத்தில் அந்த ஊர்களில் மேல் அளவு, அதாவது பிரஷரின் இரண்டு இலக்கத்தில் பெரியது, மற்ற ஊர்களைவிட ஏறத்தாழ 5 புள்ளி கூடுதலாக இறங்கியது. 2020இல் அந்த முடிவு வெளியானது, அம்மா விழுந்த அதே வருஷம். 5 புள்ளி கொஞ்சம் என்று தோன்றலாம். மேல் அளவை 10 புள்ளி இறக்கினால் பாரிசவாத ஆபத்து கால் பங்குக்கு மேல் குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஒரு ஊர் முழுக்க 5 இறங்கினால் எத்தனை கைகள் மிஞ்சும்? இன்னொரு ஆய்வு முழுக்க இலங்கை ஆஸ்பத்திரிகளிலேயே, 700 பேரை வைத்து நடந்தது. மூன்று மருந்தைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாக்கிக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் நூற்றுக்கு 70 பேருக்குப் பிரஷர் இலக்குக்கு வந்தது; வழக்கமான முறையில் 55 பேருக்கு. அது 2018இல். நாள் ஒன்றுக்கு ஒரு குளிசை என்றால் அம்மா மாதிரி ஒருவர் தொடர்ந்து போடுவார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எனவே நான் முதலில் கேட்பது ஒன்று. மெஷின் மலைக்கு வர வேண்டும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசு இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் ஒரு பிரஷர் மெஷின் இருக்கட்டும். கூடையின் நிறையைத் தினமும் அளக்கிறோம், கூடையைச் சுமக்கிறவரை மாதம் ஒருமுறை அளக்கலாம். 35 வயது தாண்டியவர்களைப் பரிசோதிக்க அரசாங்கத்தின் சுகவாழ்வு மையங்கள் இருக்கின்றன, நல்ல ஏற்பாடு. தோட்டம் வேலை செய்கிற நாளில் அங்கே போய் வரிசையில் நிற்கக் கூடியவர்கள் லயத்தில் குறைவு. மூன்று மாதத்துக்கான குளிசையைச் சேர்த்துக் கொடுப்பதும், கிளினிக் நாளுக்குச் சம்பளம் வெட்டாமல் இருப்பதும் தொழிற்சங்கங்கள் பேச வேண்டிய விஷயங்கள். சம்பளத்துக்குப் போராடுகிற அதே குரலில் இதையும் கேட்கலாம்.

2022இல் நாட்டில் மருந்தே தட்டுப்பாடானபோது எங்களுக்குப் பயம் பிடித்துவிட்டது. ஒரு தடவை பாரிசவாதம் வந்தவருக்கு இன்னொன்று வரும் ஆபத்து அதிகம். தம்பி கொழும்பிலிருந்து தேடித் தேடிக் குளிசை அனுப்பினான். அப்போது வீட்டுக்கு ஒரு மெஷினும் வாங்கினோம், மேற்கையில் பட்டி கட்டுகிற வகை. அம்மாவுக்கு மட்டும் என்றுதான் வாங்கியது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அது கோயில் மண்டபத்தில் இருக்கிறது.

அளக்கிறவர்களுக்கு நாங்கள் பழகிக்கொண்ட சில விஷயங்கள். வந்ததும் அளக்கக் கூடாது; மேடு ஏறி வந்தவர் ஐந்து நிமிடமாவது பேசாமல் உட்கார வேண்டும். அரை மணித்தியாலத்துக்குள் தேத்தண்ணியோ வெற்றிலையோ போட்டிருந்தால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும். சுவெட்டருக்கு மேல் பட்டியைக் கட்டக் கூடாது. மலையில் இதுதான் அதிகம் நடக்கிற பிழை, குளிருக்குப் பயந்து யாரும் கழற்றமாட்டார்கள். பாதம் தரையில், கை மேசையில், நெஞ்சு உயரத்தில். இரண்டு தரம் அளக்க வேண்டும். 140க்கு 90 அல்லது அதற்கு மேல் காட்டினால் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து, இன்னொரு நாளும் பார்த்து, டாக்டரிடம் அனுப்புகிறோம். 180க்கு மேல் என்றால் அன்றைக்கே.

அப்புறம் விழுகிற நேரத்துக்கும் சொல்லிவைக்கிறோம். சிரிக்கச் சொல்லுங்கள், முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று இறங்குகிறதா? பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் மணியைப் பார்த்து ஞாபகம் வைத்துக்கொண்டு 1990க்குப் போன் செய்யுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசு கேட்காது. வாயில் எதையும் ஊற்றாதீர்கள், தண்ணீரும் வேண்டாம். விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குப் போய்விடும். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டால்கூட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அப்படி வந்து போவதுதான் பெரியது வரப்போகிறது என்பதற்கான அடையாளம், அதுவும் அடுத்த ஓரிரு நாளுக்குள்ளேயே வரலாம்.

அம்மா இப்போது தடி ஊன்றி நடக்கிறார். வலது கை முழங்கைக்கு மேல் தூக்காது. ஞாயிற்றுக்கிழமை மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வரிசையில் வருகிறவர்களிடம், "சுவெட்டரக் கழட்டு புள்ள, என்னய மாதிரி ஆவாத" என்கிறார். நான் பத்துத் தடவை விளக்கியும் அசையாதவர்கள் அம்மாவின் கையைப் பார்த்ததும் கழற்றிவிடுகிறார்கள். பணிய லயத்தில் இரண்டு அக்காமார் மட்டும் இன்னும் வரவில்லை. ஒருவருக்கு முழங்கால் நோவு, மேடு ஏற முடியாது. மற்றவர் வேலை நாளில் கொழுந்து, ஞாயிற்றுக்கிழமை காய்கறித் தோட்டத்தில் அன்றைக்கே கையில் காசு தருகிற கைக்காசு வேலை. வருகிற வாரம் கோயில் முடிந்ததும் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு நாங்கள் இறங்கிப் போகிறோம். அம்மாவும் வருவேன் என்கிறார். படிக்கட்டு நாற்பது இருக்கிறது, மெதுவாக இறங்கலாம்.